மூன்றாவது பாட்டுக்கு முன்

"மஞ்சளா? எல்லாருக்கும் பச்சைப் பட்டைதானே கட்டிக்கிட்டு இருக்க?"

"உனக்கு மட்டும் மஞ்ச. லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கு, வேணும்னா பாரு."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? பச்சைன்னா மீடியா. நீலம்னா பாடுறவங்க, மேளம் அடிக்கிறவங்க. மஞ்சன்னா விருந்தாளி. நல்லதுதானே லா. ஏர்கோன் போட்ட கூடாரம், சாப்பாடு, மேடைக்குப் பக்கத்துல நாற்காலி. நின்னு நின்னு கால் வலிக்குதுன்னு போன வருஷம் பொலம்பலையா நீ? கைய நீட்டு."

"மஞ்சளோட மேடைக்கு முன்னால குழிக்குள்ள விடுவாங்களா?"

"அங்க பச்சைக்கு மட்டுந்தான்," என்றாள் ரூபினி. பட்டை டக்கென்று பூட்டிக்கொண்டது. கத்தரியால் வெட்டாமல் இனி அதைக் கழற்ற முடியாது.

வாசுகி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். இடைநிலைப் பள்ளியில் அவளுக்கு இரண்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்த ரூபினி இப்போது விழா ஏற்பாட்டாளரின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும் பெண். இன்று சிவக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் வாசுகிக்குப் பயமாக இருந்தது.

மணி நான்கு. குருண் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய பந்துத் திடலில் 'வடக்கின் முழக்கம்' இசைவிழா ஐந்தரைக்குத் தொடங்கும். ஜெராய் மலையின் தலை மேகத்துக்குள் போயிருந்தது. பாதி மூடிய கறுப்புத் துணிக்குள் மேடை, கடலே இல்லாத ஊரில் யாரோ கட்டத் தொடங்கிய கப்பலைப் போல நின்றது.

போன வருடம் இதே திடலில் இடியும் மழையும் வந்து கூட்டம் பின்கதவுக்கு ஓடியபோது, கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை செய்த புவனேசன் நெரிசலில் செத்துப்போனான். இருபத்திரண்டு வயது. கதவு திறந்துதான் இருந்தது, பையன் கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று விழாக்குழு சொன்னது. தமிழ் நாளேடுகள் எல்லாம் அதையே எழுதின. வடக்குச் செய்திகளுக்கு நிருபராகவும் படம் எடுப்பவளாகவும் இருந்த வாசுகியும் அதையே எழுதினாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவளுக்கு ஃபோன் வந்தது.

"அந்தக் கேட்டுல ஜாகா நின்ன காவக்காரன் நான்தாம்மா. சாவி என் பாக்கெட்டுலதான் இருந்துச்சு."

பெயர் இருளப்பன் என்றார். அன்று மழை பிடித்ததும், கதவைத் திறக்கட்டுமா என்று காவலர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் வசந்தனிடமிருந்து குரல் பதிவு வந்தது: "நான் சொல்ற வரைக்கும் தொறக்காத. டிக்கெட் இல்லாதவனெல்லாம் உள்ள பூந்துருவான்." அடுத்த நாள் கம்பெனி எல்லாருடைய ஃபோனையும் வாங்கி அந்தக் குழுவையே அழித்துவிட்டது. ஆனால் அன்று இரவே இருளப்பனின் மகள் அந்தக் குரலை ஒரு சின்ன மெமரி கார்டில் ஏற்றி வைத்திருந்தாள்.

"அத உங்கிட்ட குடுக்குறேன். நீ அன்னைக்கு எழுதுனது தப்புன்னு ஃபோன்லயே ஒத்துக்கிட்ட பாரு, அதுக்காகத்தான். எவனும் அப்படி ஒத்துக்க மாட்டான்."

வீட்டுக்கு வர வேண்டாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரனும் அதே கம்பெனி. கடையில் வேண்டாம், கோயிலில் வேண்டாம். கடைசியில் அவரே சொன்ன இடம்தான் மேடைக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவில் ஆள் அகலத்துக்கு ஓடும் அந்தச் சந்து. படம் எடுப்பவர்கள் அதைக் குழி என்பார்கள். முதல் மூன்று பாட்டு வரைக்கும் அவர்கள் அங்கே நின்று எடுக்கலாம். மூன்று முடிந்ததும் வெளியேற்றிவிடுவார்கள். முதல் இசைக்குழு பாடும்போது குழிக்குள் காவல் இருளப்பன். ஒலிபெருக்கிக்குப் பக்கம் நிற்பவர்களுக்குக் காதுப் பஞ்சு கொடுப்பது அவருடைய வேலை. சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் இரண்டு ஆரஞ்சுப் பஞ்சு. அவளுக்குக் கொடுக்கும் பொட்டலத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கும்.

இதற்கெல்லாம் பச்சைப் பட்டை வேண்டும்.

"வாசுகி தங்கச்சிதானே?"

பின்னால் நின்றவருக்கு நாற்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, காதில் சுருள் ஒயர், வீட்டு விசேஷத்துக்கு அழைக்க வந்தவரின் சிரிப்பு.

"நான் வசந்தன். செக்யூரிட்டி எல்லாம் நம்ம பொறுப்புதான். இன்னைக்கு முழுக்க உங்ககூடவே இருப்பேன்."

ஃபோனில் கேட்டுக் கேட்டு மனத்தில் எழுதி வைத்திருந்த பெயர், திடீரென்று முகமும் கையும் வைத்துக்கொண்டு எதிரில் நின்றது. அந்தக் கை அவளுடைய கேமராப் பையை வாங்கிக்கொள்ள நீண்டிருந்தது.

"எனக்கெதுக்குண்ணே ஆளு? வருஷா வருஷம் வர்றவதானே."

"தெரியும்லா. அதான் மரியாத. ஒரு சின்னக் கீறல் படக் கூடாதுன்னு தலைவர் சொல்லிட்டாரு. பேக்கக் குடுங்க."

"பரவால்லண்ணே, பழகிப்போச்சு."

"காடிய ரப்பர் மரத்தடியில போட்டிருக்கீங்க. வெள்ள மைவி காருதானே. காத்தடிச்சா கெளை விழும். ஆளவிட்டு உள்ள கொண்டாந்து போடச் சொல்லவா?"

வேண்டாம் என்றாள். நிருபர்களுக்கான இணையப் படிவம் நினைவுக்கு வந்தது. ஐசி அடையாள அட்டை எண், காடி எண், வீட்டு முகவரி, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். பாதுகாப்புக்காக என்று மேலே எழுதியிருந்தது. ஒரு பகல் நேரச் சோம்பலில், அடுத்த கட்டம் அடுத்த கட்டம் என்று எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பியிருந்தாள்.

"அப்பா நல்லா இருக்காரா?" வசந்தன் நடந்துகொண்டே கேட்டார். "இன்னும் பாசார் பக்கம்தானே பசியாறப் போறாரு? காலையில ஏழரைக்கெல்லாம் வந்துருவாரே. ரொட்டி சானாய், சீனி இல்லாத தே தண்ணி."

அப்பா எங்கே பசியாறுகிறார் என்று கேட்க அந்தப் படிவத்தில் எந்தக் கட்டமும் இருக்கவில்லை.

அவர் அவளை முதலில் பின்கதவுக்குத்தான் அழைத்துப் போனார். அவள் அதைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. இரண்டு இரும்புக் கதவுகளும் அகலத் திறந்து, கம்பியால் பின்னோக்கிக் கட்டப்பட்டிருந்தன. புதுப் பச்சைப் பெயிண்ட். மேலே மூன்று மொழிகளில் 'அவசர வழி'. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். யாரோ திருமணத்துக்கு வரப்போவது போல இருந்தது அந்தக் கதவு.

"எடுங்க," என்றார் வசந்தன்.

"என்னண்ணே?"

"படம் எடுங்க தங்கச்சி. கேமரா எதுக்குக் கொண்டாந்தீங்க? நல்லா கிட்டக்க போய் எடுங்க. போர்டு தெரியட்டும்."

போன வருடம் இங்கே வந்த நிருபர்களைக் காவலர்கள் கையைப் பிடித்துத் தள்ளினார்கள். அப்போது அவளுக்குக் கோபம்தான் வந்தது. இன்று தள்ள யாரும் இல்லை. அவள் கேமராவை எடுத்து மூடியைக் கழற்றினாள். கேமராக் கண்ணாடி வழியே பார்த்தாள். இடப்பக்கத் தூணில், இடுப்புயரத்தில், பெயிண்டுக்கு அடியில் ஒரு பள்ளம் தூணைச் சுற்றி ஓடியது. சங்கிலி வருடக்கணக்கில் அறுத்த பள்ளம். எத்தனை தடவை பூசினாலும் அது நிரம்பியிருக்காது. அவள் அதையும் எடுத்தாள். வசந்தன் திரையை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"நல்லா வந்திருக்கு. எனக்கும் அனுப்புங்க."

அவருடைய வாக்கிடாக்கி கரகரத்தது. மேடையின் பக்கக் கதவில் பாடகரின் சொந்தக்காரர்கள் நிற்கிறார்களாம். வசந்தன் அதை வாயருகே கொண்டுபோனார். சிரிப்பு மாறவில்லை.

"நான் சொல்ற வரைக்கும் தொறக்காத."

வாசுகி கேமராவின் மூடியைத் தேடுவதுபோலப் பைக்குள் குனிந்துகொண்டாள். வேறொருவர் ஃபோனில் சொல்லிக் காட்டிய சொற்கள், அவற்றின் சொந்தக் குரலிலேயே இப்போது கேட்டன.

மீடியாக் கூடாரத்தில் விசிறி சுற்றாமல் நின்றது. பினாங்கிலிருந்து வந்திருந்த அனந்தன், காலணியைக் கழற்றிவிட்டு மிஹுன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகக் கச்சேரிப் படம் எடுப்பவர். எதையும் கேலி செய்யாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"அட, மஞ்சக் கட்டியிருக்கு. எந்த முனியாண்டி கோயிலுக்கு நேந்து விட்டிருக்காங்க உன்ன?"

"சும்மா இருங்கண்ணே."

"இல்லலா, ஆட்டுக்கும் இப்படித்தான். மஞ்சப் பூசி, மாலையப் போட்டு, தண்ணி காட்டி. அதுவும் ஊர்ல நம்மள எல்லாருக்கும் புடிச்சுப்போச்சுன்னு நெனச்சுக்கும்."

மற்ற நிருபர்கள் சிரித்தார்கள். வசந்தனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்து, அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

ஃபோன் அதிர்ந்தது. கோலாலம்பூரிலிருந்து ஆசிரியர் அனுப்பியிருந்தார்: 'மேடையில் உனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம். மறுத்துவிடாதே. ஞாயிறு முழுப்பக்க விளம்பரம் அவர்களுடையது. வாழ்த்துகள்.'

இருளப்பனைப் பற்றி அவள் ஆசிரியரிடம் சொல்லியிருக்கவில்லை. கார்டு கைக்கு வந்தபின் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

இந்த ஊர்களில் விழா என்று வந்துவிட்டால் நிருபருக்கும் ஒரு பொன்னாடை உண்டு. மேடைக்கு ஏற்றி, தோளில் போர்த்தி, நாலு பேர் நடுவில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அடுத்த நாள் அந்தப் படம் எல்லார் ஃபோனிலும் சுற்றும். அதற்குப் பிறகு அந்த நிருபர் விழாவைப் பற்றி நல்லதாக எழுதினால் நன்றி, கெட்டதாக எழுதினால் துரோகம். நடுவில் வேறெதுவும் கிடையாது. ஊர் என்ன நினைத்தாலும் அவள் பொறுத்துக்கொள்வாள். குழிக்குள் நிற்கப் போகிற ஒருவர் மட்டும் அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அந்தப் பொட்டலம் அவர் பையை விட்டு வெளியே வராது.

"எப்பண்ணே மேடைக்கு?" என்று கேட்டாள், எவ்வளவு சாதாரணமாக முடியுமோ அவ்வளவு.

"ஆசிரியர் சொல்லிட்டாரா? சஸ்பென்ஸா வச்சிருந்தோம்." வசந்தனுக்கு உண்மையாகவே வருத்தம் போலிருந்தது. "மொதக் குழு முடிச்சப்புறம். ஆறரை ஆயிரும்."

"அதுவரைக்கும் நான் குழிக்குள்ள நின்னு எடுக்குறேனே."

"படமெல்லாம் நம்ம பசங்க எடுத்துத் தருவாங்க. நீங்க உக்காருங்க."

"அடுத்தவங்க எடுத்த படத்த எம்பேருல போட்டா எனக்குக் கூசும்ணே. மூணே பாட்டு."

"விடுங்கலா," என்றார் அனந்தன், வாயில் மிஹுனோடு. "அந்தப் புள்ளயப் பத்தி எங்களுக்குத் தெரியும். உக்கார வச்சா காய்ச்சல் வந்துரும்."

வசந்தன் அவளை யோசனையாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. கதவின் தாழ்ப்பாள் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பவரின் கணக்குதான் இருந்தது.

"சரி. நானும் வர்றேன்."

ஐந்தரைக்கு உறுமி முழங்கியது. எட்டு உறுமி, நான்கு தவில், மேலே ஒரு ராப் பாடகன். சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் விலா எலும்பில் விழுந்தது. வாசுகி குழிக்குள் இறங்கினாள். ஒரு பக்கம் மேடையின் கறுப்புச் சுவர், மறுபக்கம் கம்பித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் முகங்கள், முகங்கள், அவற்றுக்குப் பின்னால் இன்னும் முகங்கள். பெண்டாங், கூலிம், சுங்கைப்பட்டாணி என்று பஸ் பிடித்து வந்தவர்கள். முன் வரிசை கம்பியில் மார்பை அழுத்திக்கொண்டு குதித்தது. கம்பியும் கூடவே கொஞ்சம் நகர்ந்து, திரும்பி வந்தது.

குழிக்குள் மூன்று காவலர்கள். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பதுதான் அவர்களுடைய விதி. நடுவில் நின்றவர் ஐம்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பில் கறுப்புச் சட்டை தொளதொளத்தது. இடுப்பில் ஒரு சின்னப் பை. அவர் வரிசையாக நடந்து ஒவ்வொரு படக்காரர் கையிலும் பொட்டலம் வைத்துக்கொண்டு வந்தார். அனந்தனுக்கு ஒன்று. சீனப் பத்திரிகைப் பையனுக்கு ஒன்று. அவளுக்குப் பின்னால் நின்ற வசந்தனுக்குக்கூட ஒன்று.

அவளிடம் வந்தபோது அவர் கண் அவளுடைய மணிக்கட்டில் விழுந்தது. பைக்குள் போன கை அங்கேயே நின்றது. பிறகு வெறுமையாக வெளியே வந்தது. அவர் திரும்பித் தன் இடத்துக்குப் போனார்.

முதல் பாட்டு முடிந்தது. வாசுகி எத்தனை தடவை அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரையில் பாடகனின் கை, பாடகனின் பல், மேகம். இருளப்பனின் முதுகு ஐந்தடி தூரத்தில் இருந்தது. கழுத்தின் நரைமுடியில் வியர்வை இறங்கியது. பேச முடியாது. வசந்தனின் மூச்சில் இருந்த புதினா மிட்டாய் வாசனைகூட அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாவது பாட்டு தொடங்கியது. எல்லாக் கேமராக் கண்ணாடிகளும் மேடையை நோக்கி எழும்பின. அப்போது அவள் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நீளக் கண்ணாடியை மாட்டி, ஆயிரக்கணக்கான தலைகளுக்கு மேலாக, திடலின் கடைசியில் இருந்த அந்தப் பச்சைக் கதவைப் பிடித்தாள். மாவிலை, போர்டு, தூண். ஒரு படம். இன்னொரு படம். கூட்டத்தை எடுப்பவள் மாதிரியும் இருக்கும். கதவை எடுக்கிறாள் என்று தெரிய வேண்டிய ஒருவருக்கு மட்டும் தெரியும்.

கண்ணாடியை இறக்கியபோது இருளப்பன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டின் நடுவில் அவர் மறுபடி பையைத் திறந்தார். மறந்துபோனதுபோல நெற்றியைத் தட்டிக்கொண்டு, வசந்தனைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்து, அவள் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். விரலால் அழுத்தினாள். மெத்தென்று ஒன்று, மெத்தென்று இன்னொன்று. அவற்றுக்கு நடுவில் நகத்துண்டு போலக் கடினமாக ஒன்று.

அவள் அதைக் காதில் வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள். இனி ஒரு வேலைதான். இந்தப் பாட்டு முடிந்ததும் கழிவறை என்று சொல்லிக் கிளம்பி, ரப்பர் மரத்தடிக்குப் போய், காடியை எடுத்துவிட வேண்டும். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் போய்விட்டால் யாரும் யாரையும் எந்த மேடையிலும் பார்க்கப் போவதில்லை.

இரண்டாவது பாட்டு முடிந்தது. உறுமிகள் நின்றன. திடீரென்று வந்த அமைதியில், மலைப்பக்கம் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. இடியா, தோட்டத்து லாரியா என்று தெரியவில்லை.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்," என்றது ஒலிபெருக்கி. அறிவிப்பாளர் மேடைக்கு வந்திருந்தார். "கொண்டாட்டத்துக்கு நடுவுல ஒரு நெகிழ்ச்சியான தருணம். நம்ம தலைவர் சத்தியசீலன் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

"ஆறரைன்னு சொன்னீங்களேண்ணே."

"மழை வரும் போலருக்கு தங்கச்சி. அதான் முன்னாலயே வச்சிட்டோம்." வசந்தன் அவள் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்தார். பிடிக்கக்கூட இல்லை, தாங்கினார். "கேமராவ அனந்தன் அண்ணன்கிட்ட குடுங்க. வாங்க."

எட்டுப் படிகள். வெளிச்சம் முகத்தில் அடித்தது. ஏற்பாட்டாளர் சத்தியசீலன், பட்டு ஜிப்பாவில், கைகூப்பி நின்றார். பக்கத்தில் புதுச் சேலை கட்டிய ஓர் அம்மா, தாம்பாளத்தில் மடித்த பொன்னாடையை ஏந்திக்கொண்டு. சேலையின் மடிப்புகள் இன்னும் பெட்டிக்குள் இருந்தபடியே விறைத்து நின்றன. வாசுகிக்குத் தெரிந்த முகம்.

செல்லாயி. புவனேசனின் அம்மா. இருளப்பனின் ஃபோன் வந்த வாரம் வாசுகி இவரைத் தேடி மேட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். கேள்வி கேட்கப் போனவளிடம் இவர்தான் ஒன்றைக் கேட்டார்: அந்தக் கதவு தொறந்திருந்துச்சா, பூட்டியிருந்துச்சா, அத மட்டும் விசாரிச்சுச் சொல்லு தாயி. விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்திருந்தாள்.

"போன வருஷம் நாம ஒரு தம்பிய இழந்தோம்," என்று சத்தியசீலன் ஒலிவாங்கியில் சொன்னார். குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. "அன்னைக்கு என்னென்னவோ பேசுனாங்க. ஆனா உண்மைய நேரா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட ஒரு நிருபர் நம்ம மண்ணுலயே இருக்காங்க. நம்ம பக்கம் நின்ன அந்தத் தங்கச்சிக்கு, அந்தத் தாயோட கையாலயே இந்த மரியாத."

கைத்தட்டல் கூட்டத்தின் பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒலிவாங்கி அவளிடம் நீளவில்லை. செல்லாயி பொன்னாடையை விரித்துக் கைகளை உயர்த்திவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் நீட்டும் துணியை ஆயிரம் பேர் முன்னால் எப்படித் தட்டிவிடுவது? சட்டைப் பையில் அந்த நகத்துண்டு உறுத்திக்கொண்டிருக்க, யாரும் தன்னை உற்றுப் பார்த்துவிடக் கூடாது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. எத்தனையோ விழாக்களில் எத்தனையோ பேர் குனிந்ததைப் படம் எடுத்திருந்தாள். அவள் கழுத்து தானாகக் குனிந்தது.

போர்த்தும்போது செல்லாயியின் வாய் அவள் காதருகே வந்தது.

"விசாரிச்சிட்டியாமே தாயி. விழாக்காரங்க வீட்டுக்கு வந்து சொன்னாங்க. கதவு தொறந்துதான் இருந்துச்சுன்னு நீயே சொன்னியாம். யாரும் அவன அடைச்சு வைக்கல. அது போதும் எனக்கு. ஒரு வருஷம் கழிச்சு நேத்துதான் தூங்குனேன்."

"அம்மா, நான் அப்படி..."

"இங்க பாருங்க, இங்க பாருங்க," என்றார்கள் படக்காரர்கள். சத்தியசீலன் ஒரு பக்கம், செல்லாயி ஒரு பக்கம், நடுவில் அவள். வெளிச்சம் மூன்று தடவை வெடித்தது. கீழே குழிக்குள் எல்லாக் கேமராக்களும் அவளை நோக்கி நிமிர்ந்திருந்தன. அனந்தன் மட்டும் கேமராவை இறக்கி வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை.

அவருக்குப் பக்கத்தில், விதியை மறந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மேடையை அண்ணாந்து பார்த்தபடி ஒரு காவலர் நின்றார்.

படிகளில் இறங்கும்போது பொன்னாடையின் ஜரிகை கழுத்தில் குத்தியது. எடுத்துவிட நினைத்தாள். மேலே செல்லாயி கைகூப்பியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு படி பின்னால் வசந்தனின் காலடி, அவளுடைய காலடிக்குத் தாளம் பிசகாமல் வந்தது.

கடைசிப் படியில் இருளப்பன் நின்றார். வழி மறிக்கவில்லை. ஒதுங்கவும் இல்லை. சிறுவயதில் தலைமையாசிரியரின் அறை வாசலில் நின்ற பிள்ளையின் முகம் அந்த ஐம்பது வயது முகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அவள் கண்ணாலேயே ஏதாவது சொல்லிவிடப் பார்த்தாள். அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பொன்னாடையைப் பார்த்தார், பிறகு மஞ்சள் பட்டையை, பிறகு பொத்தான் பூட்டிய சட்டைப் பையை.

பின்னால் வந்த காலடி நின்றது.

"என்ன இருளப்பன்?" வசந்தன் அன்பாகத்தான் கேட்டார்.

மேடையில் உறுமிக்காரன் குச்சியை உயர்த்தினான். மூன்றாவது பாட்டு. தடுப்புக் கம்பி கூட்டத்தின் பாரத்தில் ஒருமுறை முன்னால் சாய்ந்து, இந்தத் தடவை முழுதாகத் திரும்பி வரவில்லை. மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்து பொன்னாடையின் ஓரத்தைத் தூக்கியது.

இருளப்பன் உள்ளங்கையை அவள் முன்னால் நீட்டினார்.

"அந்தக் காதுப் பஞ்ச எங்கிட்டயே குடுத்துரும்மா. உனக்குத்தான் அது இனி தேவைப்படாதே."